அப்பாவின் இரண்டு கால்கள்

அன்புள்ள அம்மாவுக்கு, ஹேரிம் வணக்கத்துடன் எழுதுவது. மூட்டுவலி தேவலையா? அப்பா படகுக்குப் போகிறாரா? நான் சியோலில் வேளாவேளைக்குச் சாப்பிட்டு, தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கிறேன்.

போன வாரம் இங்கே ஒரு கூத்து. ஆங்கிலத்தில் ‘மெய்ம்’ என்று ஒரு சொல். ஒருவர் நிரந்தரமாக ஊனமாகும்படி காயப்படுத்துவது என்று பொருள். தெரிந்தவர்களை வைத்து வாக்கியம் எழுதினால் சொல் மறக்காது என்று பயிற்சி நிலையத்தில் சொன்னார்கள். நானும் என் அப்பாவுக்குப் படகு இயந்திரத்தில் இரண்டு கால்களும், அண்ணனுக்கு மீன் வெட்டும் கத்தியில் ஒரு கையும் போனதாக எழுதி, அடியில் கொரிய மொழியில் அர்த்தமும் போட்டு, எல்லாரையும் போல அறைக் கதவில் ஒட்டிவைத்தேன்.

விடுதி நடத்தும், நாங்கள் எல்லாரும் சித்தி என்று கூப்பிடும் போக்சுன் அதைப் படித்துவிட்டு, மாட்டெலும்பு சூப்போடு வந்து நின்றார்.

“ஏண்டி, வீட்ல இவ்வளவு நடந்திருக்கு, நீ பாட்டுக்குப் படிச்சிட்டிருக்கியே?”

“அது பாடம் சித்தி. அப்பா நல்லாத்தான் இருக்காரு.”

“எனக்கே ஆறுதல் சொல்றியா? மொதல்ல குடி.”

எவ்வளவு சொல்லியும் நம்பவில்லை. தினமும் சூப்பு வருகிறது. அதனால் மிளகாய்த்தூள் அனுப்பும்போது அப்பா நிற்கிற படம் ஒன்றும் வையுங்கள். கால் தெரிய வேண்டும். அவசரமில்லை, சூப்பு நன்றாகத்தான் இருக்கிறது.

வகுப்புக்கு நேரமாகிவிட்டது. படத்தில் நீங்களும் பக்கத்தில் நில்லுங்கள். உங்களை வைத்து மட்டும் வாக்கியம் எழுத எனக்கு மனம் வரவில்லை.

உங்கள் மகள்
ஹேரிம்