புகைபோக்கியின் கீழ் என் பாய்

அம்பத்தூர்,
ஐப்பசி, 1938

அன்புள்ள நைனாவுக்குப் பொன்னியம்மாவின் வணக்கம். இந்தக் கடிதத்தை யாருக்கும் காட்டாதீர்கள், அம்மாவுக்குக்கூடப் படித்துக் காட்ட வேண்டாம். உங்கள் இருமல் குறைந்ததா?

எங்கள் புது விடுதியைச் சீமையிலிருந்து வந்த வரைபடத்தைப் பார்த்துக் கட்டியிருக்கிறார்கள். அறைக்குள் குளிர்காய ஓர் அடுப்பும், அதற்கு உயரமான புகைபோக்கியும் உண்டு. ஆனால் கூரை, நம் வீட்டில் உள்ளதுபோலச் சுவரைத் தாண்டி வெளியே நீளவில்லை. மழை நேராகச் சுவரில் அடித்து ஊறுகிறது. தண்ணீர் கொண்டுவரும் எல்லம்மா, "இன்னா பாப்பா, பனி பெய்யுற ஊரு ஊட்டைத் தூக்கியாந்து ஏரிச் சேத்துல நட்டுகீறாங்க!" என்று சிரித்தாள்.

நேற்றுச் சாப்பிடும்போது புகைபோக்கிச் சுவரிலிருந்து ஒரு செங்கல் பெயர்ந்து, என்னோடு தங்கியிருக்கும் சாமுண்டீஸ்வரியின் தட்டில் விழுந்தது. நல்லவேளை, அவள் தண்ணீர் குடிக்க எழுந்து போயிருந்தாள். எல்லோரும் சிரித்தோம்.

விடுதியைப் பார்த்துக்கொள்ளும் மேட்ரன் அம்மாள், செங்கல் பெயர்ந்த இடத்து விரிசலில் சுண்ணாம்பு பூசச் சொன்னார். இதை வீட்டுக்கு எழுதுகிறவளைப் பள்ளியை விட்டே நீக்கிவிடுவாராம். பூசிய இடம் இன்று மறுபடி பிளந்துவிட்டது. என் பாய் அதன் அடியில்தான் இருக்கிறது. வேறு இடம் கேட்டேன், இல்லை என்றார்.

அழைத்துப்போங்கள் என்று கேட்க மனம் வரவில்லை. வந்துவிட்டால் என் படிப்பு அதோடு போயிற்று. பாய் நனைகிறது, ஒரு கோணி மட்டும் வேண்டும். முடிந்தால் நீங்களே கொண்டுவாருங்கள். வந்தால் சுவரை நீங்களே பார்ப்பீர்கள், நான் எதுவும் சொல்ல வேண்டியிருக்காது.

மேட்ரன் அம்மாள் கதவைத் தட்டுகிறார். நைனா, கோணிகூட வேண்டாம், நீங்கள் வந்து என்னை