தக்காளிச் செடியில் கட்டிய நூல்

ஏப்ரல் 6

தக்காளிச் செடிகள் இடுப்புயரம் வந்துவிட்டன. குச்சி நட்டுக் கட்டலாம் என்றால் சணல் தீர்ந்துபோயிருந்தது. சமையலறை இழுப்பறையைக் குடைந்ததில் ஒரு மஞ்சள் கம்பளி நூல்கண்டு கிடைத்தது. தண்டை அறுக்காமல் மெத்தென்று பிடித்துக்கொள்கிறது. அடியிலிருந்து நுனிவரை எல்லாச் செடிக்கும் கட்டிவிட்டேன். சம்சாரம் இருந்திருந்தால் அந்த இழுப்பறைப் பக்கம் என்னை அண்ட விட்டிருக்கமாட்டாள்.

ஏப்ரல் 9

மாசமாக இருக்கும் மகளிடம், அவள் அம்மா பாதியில் விட்ட போர்வைப் பேச்சை எடுத்தேன். எடுத்திருக்கக் கூடாது.

அவளும் மாப்பிள்ளையும் இதே ஊரில்தான் இருக்கிறார்கள், இரண்டு பஸ் மாறினால் வந்துவிடலாம். ஜனவரியில் அவள் அம்மா போனதிலிருந்து இந்தப் பக்கமே வரவில்லை. போன் மட்டும்தான். "அம்மா மடியில கெடந்ததையா என் குழந்தைக்குப் போர்த்தச் சொல்றீங்க? எரிச்சிடுங்கப்பா. அந்த வீட்டுக்குள்ள என்னால கால் வைக்க முடியாது."

எரிக்க வேண்டுமாம். தெருவில் எந்த வீட்டில் குழந்தை பிறந்தாலும் தொப்பி, காலுறை, ஒரு காது நீளமும் ஒரு காது குட்டையுமாக ஒரு துணி முயல் என்று செய்து கொடுத்தவள். தன் பேரக்குழந்தைக்கென்று கையில் எடுத்தது இந்த ஒன்றைத்தான். ஜன்னலோர நாற்காலியில் உட்கார்ந்து பின்னிக்கொண்டிருந்தாள். நான் வெளியே பீன்ஸுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தேன். உள்ளே வந்தபோது ஊசி விரலில் இருந்தது, அவள் இல்லை.

போர்வை ஊசியோடு அந்த நாற்காலியிலேயே இருக்கிறது. அவள் விட்ட வரியில் ஒரு ஊக்கைக் குத்தி வைத்திருக்கிறேன். எதற்கு என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

ஏப்ரல் 18

மகளுக்கு ரத்த அழுத்தம். டாக்டர் படுக்கச் சொல்லி, மாமியார் தன் ஊருக்கு அழைத்துப் போய் ஒரு வாரமாகிறது. பாவம், நல்ல மனுஷி.

இன்று நான் லிஃப்ட் பராமரிக்கும் கட்டடத்தில் ஏழாவது மாடிக் கதவு சண்டித்தனம் செய்தது. கிரீஸ் கையோடு வீட்டுக்கு வந்து, கழுவித் துடைத்து, நாற்காலிப் பக்கம் போனேன். ஊக்குக்கு மேலே, காலையில் இல்லாத நாலு வரி இருக்கிறது.

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தேன். இருக்கத்தான் இருக்கிறது. அதே தளர்வான பின்னல், அவள் கைவாகு. எனக்குப் பின்னத் தெரியாது. சட்டைப் பட்டன் விழுந்தாலே அவளைத்தான் கூப்பிடுவேன்.

பயமா? ஆமாம், பயம்தான். நாற்காலிக்கு முதுகைக் காட்டாமல் உட்கார்ந்து சாப்பிட்டேன்.

ஏப்ரல் 19

காலையில் பார்த்தேன். நாலு வரியும் அங்கேயே இருக்கிறது.

மே 4

மகள் போன வாரம் திரும்பி வந்துவிட்டாள். போனில் பேசினாள், "சாப்டீங்களா", "மாத்திரை போட்டீங்களா", அவ்வளவுதான்.

போர்வை ஒரு சாண் வளர்ந்திருக்கிறது. இந்த முறை பின்னல் இறுக்கமாக இருக்கிறது. கோபத்தில் இருந்தால் அவளுக்கு நூல் இப்படித்தான் இறுகும். அடியே, என்மேல் என்ன கோபம் உனக்கு? பத்தடி தூரத்தில் இருந்தும் எட்டிப் பார்க்கவில்லையே என்றா?

மே 11

இப்போதெல்லாம் பயம் விட்டுப்போய்விட்டது. இன்னும் சொன்னால் சந்தோஷமாக இருக்கிறது. கிளம்பும்போது நாற்காலியைப் பார்த்து "போயிட்டு வரேன்" என்கிறேன். வேலை முடிந்ததும் ஓட்டமாக வருகிறேன். சூப்பர்வைசர் கேட்டான்: "என்னண்ணே பறக்குறீங்க, வீட்டுல யாரு காத்திருக்கா?" "இருக்காங்க" என்றேன். சிரிக்க ஆரம்பித்தவன் பாதியில் நிறுத்திக்கொண்டான்.

பைத்தியம் பிடித்துவிட்டதா எனக்கு? பிடித்தால் பிடித்துவிட்டுப் போகட்டும்.

மே 20

போர்வை நின்றுவிட்டது. முழுதாக ஒரு சாண் பாக்கி இருக்கும்போது நூல் தீர்ந்து, விரல் நீளத்துக்கு ஒரு வால் தொங்குகிறது.

மே 21

நூல் கடைக்குப் போனேன். கடைக்காரம்மா வாலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "இந்த மஞ்சள் இனி வராதுங்க. ஒரு தடவை முக்கின சாயம் மறு தடவை அப்படியே வராது. பக்கத்துல வெச்சா பல்லைக் காட்டும்." அப்புறம் சொன்னார்: "கடைசியில பத்தாமப் போயிடும்னு அவங்க ஒரு கண்டு கூடத்தானே வாங்கிட்டுப் போனாங்க. வீட்டுல தேடிப் பாருங்க."

தேட வேண்டியதே இல்லை. அதைத் தக்காளி கட்டிக்கொண்டு நிற்கிறது.

மே 22

நாற்காலி முன்னால் நின்று சொல்லிவிட்டேன். "தெரியாமச் செடிக்குக் கட்டிட்டேன். திட்டணும்னா திட்டு." தலையில் அடித்துக்கொண்டு வேலைக்குப் போனேன்.

மே 23

செடிகளில் நூல் இல்லை!

தண்டெல்லாம் என் பழைய பனியனைக் கிழித்த துண்டுகளால் கட்டியிருக்கிறது. "இதைக் கிழிச்சுக் கரித்துணி ஆக்கிடுவேன்" என்று அவள் வருஷக்கணக்காக மிரட்டிய அதே ஓட்டைப் பனியன். போர்வையில் இரண்டு விரல் அகலம் ஏறியிருக்கிறது, பச்சைக் கறையோடு. நேற்று நான் சொன்னதைக் கேட்டிருக்கிறாள். கேட்டுவிட்டாள். மண்ணில் உட்கார்ந்து அழுதேன், வெட்கமில்லாமல் வாய்விட்டு அழுதேன்.

மே 24

தண்ணீர் விடக் குனிந்தபோதுதான் கண்ணில் பட்டது. முழங்காலுக்குக் கீழே இருக்கும் முடிச்சுகள் எல்லாம் அப்படியே மஞ்சளாக இருக்கின்றன. மேலே இருப்பவற்றை மட்டும் அவிழ்த்திருக்கிறது.

ஏன்? போன என் சம்சாரத்துக்குக் குனிய என்ன தடை?

கொஞ்ச நேரம் குழாயை மூடாமல் நின்றேன். குனிய முடியாத ஆள் ஒருத்தி இருக்கிறாள். எட்டு மாத வயிறு. இந்த வீட்டுச் சாவி இன்னும் அவளிடம் இருக்கிறது. பள்ளிக்கூட லீவில் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து பின்னப் பழகினாள். ஊசியை நெரித்துப் பிடிக்காதே என்று திட்டு வாங்குவாள். வாயால் எரிக்கச் சொன்னவள் கையால் பின்னிக்கொண்டிருக்கிறாள்.

சந்தோஷப்பட வேண்டியதுதானே? எனக்கு என்னவோ சம்சாரத்தை இன்று மறுபடி தூக்கிக்கொண்டு போனது மாதிரி இருக்கிறது.

ஏப்ரல் மாத நாலு வரியைத் தடவிப் பார்த்தேன். தளர்வு. அப்போது மகள் மாமியார் ஊரில் படுக்கையில் இருந்தாள். இதை நான் யாரிடமும் கேட்கப்போவதில்லை.

மே 25

கீழே இருந்த முடிச்சுகளை எல்லாம் நானே அவிழ்த்தேன். நூலை அலசி, உலர்த்தி, முடிச்சுப் போட்டு ஒரு கண்டாகச் சுற்றி நாற்காலியில் வைத்தேன்.

ரத்த அழுத்தத்தோடு இரண்டு பஸ் மாறி வருகிறாளே, விழுந்து கிழுந்து வைத்தால்? போன் போட்டுத் திட்டலாம். திட்டினால் வருவதை நிறுத்திவிடுவாள். பேசாமல் குடிக்கத் தண்ணீரும் உப்புப் போடாத வேர்க்கடலையும் ஜன்னல் பக்கம் வைத்துவிட்டுக் கிளம்பினேன்.

மாலையில் கிண்ணம் காலி. கழுவிக் கவிழ்த்திருந்தது.

ஜூன் 2

இன்று எனக்கு லீவு. ஆனாலும் யூனிஃபார்மை மாட்டிக்கொண்டு கிளம்பினேன். வீட்டில் இருந்தால் அவள் எப்படி வருவாள்?

பஸ் நிறுத்தத்துக்கு எதிரே செருப்புக் கடையில் எதையோ விலை பேசுவது போல நின்றேன். இறங்கினாள். ஒரு கை இடுப்பில், முகம் வீங்கியிருக்கிறது. அப்படியே ஓடிப்போய்க் கையைப் பிடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. பிடிக்கவில்லை. திரும்பிப் போகும்போது அவள் முன்வாசலில் ஏற, நான் பின்வாசலில் ஏறிக்கொண்டேன். யாரோ எழுந்து அவளுக்கு இடம் கொடுத்தார்கள். அதைப் பார்த்த பிறகு அடுத்த நிறுத்தத்தில் இறங்கிவிட்டேன்.

வீட்டுக்கு வந்தால் நாற்காலி காலியாக இருக்கிறது. முடித்து எடுத்துப் போய்விட்டாள்.

இனி யாரும் வரமாட்டார்கள். "வந்துட்டேன்" என்று வாய் பழக்கத்தில் சொல்லிவிட்டு, விளக்கைப் போட்டேன்.

ஜூன் 14

பெண் குழந்தை. விடியும்போது மாப்பிள்ளை போன் செய்தார். "மாமா, உங்களைத்தான் கேட்டுட்டே இருக்கா, சீக்கிரம் வாங்க."

கட்டில் பக்கத்தில் போய் நின்றேன். மகள் என்னைப் பார்த்தாள், குழந்தையைப் பார்த்தாள். குழந்தை மஞ்சள் போர்வையில் இருந்தது. ஓரத்தில் பச்சை. நான் அதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. "கை கழுவிட்டீங்களாப்பா?" என்றாள். கழுவிவிட்டுத்தான் வந்தேன்.

நர்ஸ் போர்வையை விரலால் தொட்டுப் பார்த்து, "கையால பின்னினதா? யாரு பின்னினது?" என்றார்.

"எங்கம்மா," என்றாள் மகள்.

"அவங்க பாப்பாவைப் பார்க்க வரலையா?"

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். மகள் போர்வையின் பச்சை ஓரத்தை மடித்துவிட்டாள். பிறகு சாதாரணமாகச் சொன்னாள்.

"வந்துட்டுப் போயிட்டாங்க."

நர்ஸ் தலையாட்டிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார். "வாங்குங்கப்பா, கை கடுக்குது" என்று மகள் குழந்தையை நீட்டினாள். நான் வாங்கிக்கொண்டேன்.