நீங்கள் முடிக்காத படிப்பு

அன்புள்ள அக்கா,

இந்த ஊரில் நேற்றிலிருந்து குளிர் தொடங்கிவிட்டது. காலையில் வெந்நீர்ப் பையை எடுத்து நிரப்பினேன். சூடு பட்டதும் ரப்பர் வாசம் அறை முழுக்கப் பரவியது. நான் கிளம்புவதற்கு முந்தைய வாரம் நீங்கள் கொடுத்த பை. "ரெண்டு குளிர்காலம் எங்கூட இருந்துச்சு, இனி உங்கூட இருக்கட்டும்" என்றீர்கள். நீங்கள் கண்ணை மூடி ஒன்றரை வருடமாகிறது. உங்களிடம் சொல்லாமல் விட்டது ஒன்றிரண்டு இருக்கிறது. அதற்காகத்தான் எழுதுகிறேன்.

இங்கே படிக்க இடம் கிடைத்தபோது எங்கள் மதுக்கரைத் தெருவில் விமானம் ஏறியவர் யாருமில்லை. அப்பா சிமென்ட் மூட்டை கட்டும் பிரிவில் வேலை பார்த்தார். தான் மூட்டையாகக் கட்டி அனுப்பும் பொருளைப் பற்றி மகள் ஜெர்மனிக்குப் போய்ப் படிக்கப் போகிறாள் என்பதில் அவருக்குப் பெருமை, கொஞ்சம் சிரிப்பும்கூட. யாரிடம் விசாரிப்பது என்று தெரியாமல், இதே பல்கலைக்கழகத்தில் படித்த கோயம்புத்தூர்க்காரர்களை இணையத்தில் தேடிப் பிடித்து ஒவ்வொருவருக்கும் எழுதினேன். சிலர் வாழ்த்தினார்கள். ஒருவர் எல்லாம் இணையதளத்திலேயே இருக்கிறது என்று சொல்லி முடித்துக்கொண்டார். நீங்கள் மட்டும்தான், "நான் பீளமேட்டுலதான் இருக்கேன். நேர்ல வாங்களேன், பேசலாம்" என்று எழுதியிருந்தீர்கள்.

கல்லூரிப் பிள்ளைகள் நிறைந்த ஒரு பேக்கரியில் சந்தித்தோம். நான் ஒரு நோட்டு நிறையக் கேள்விகள் எழுதி வந்திருந்தேன். அறை எப்படித் தேடுவது, அரிசி எங்கே கிடைக்கும், எந்தப் பேராசிரியர் கண்டிப்பானவர். ஒன்றுவிடாமல் பதில் சொன்னீர்கள். நோட்டை மூடும்போது, "நீ கேக்காதது ஒண்ணு இருக்குது கண்ணு" என்றீர்கள். "நான் படிப்ப முடிக்கல. மூணாவது செமஸ்டர்லயே திரும்பி வந்துட்டேன்."

முதல் குளிர்காலத்தில் ஒரு தேர்வில் தோற்றது, பிறகு வகுப்புக்குப் போவது குறைந்தது, கடைசியில் அறையை விட்டு வெளியே வருவதே நின்றுபோனது என்று எல்லாவற்றையும் சொன்னீர்கள். வீட்டிலிருந்து கூப்பிட்டபோதெல்லாம் நல்லா இருக்கேன் என்றே சொல்லிவந்தீர்களாம். தேநீர் ஆறிக்கொண்டிருந்தது. எனக்கு இரக்கம் வரவில்லை அக்கா. ஏமாந்துபோன மாதிரி இருந்தது. படித்து முடித்த ஒருவரைத் தேடி வந்தால், முடிக்காதவர் எதிரே உட்கார்ந்திருக்கிறாரே என்று நினைத்தேன்.

வீட்டில் அம்மாவிடம் சொன்னது அப்பாவின் காதில் விழுந்துவிட்டது. "போய்ப் பாத்தவங்களே இப்படிச் சொல்றாங்கன்னா வேண்டாம் அம்மணி. இங்கயே படிச்சுக்கலாம்" என்றார். அப்பா குரலை உயர்த்தாதவர். அதனாலேயே அவரோடு வாதாட முடியாது. இடத்தை உறுதி செய்ய இன்னும் பத்து நாள்தான் இருந்தது. அன்று கோபத்தில் உங்களுக்கு எழுதினேன்: "உங்களால் முடியாமல் போன கதையை ஏன் என் வீடு வரைக்கும் அனுப்பி வைத்தீர்கள்?"

மூன்று நாள் உங்களிடமிருந்து பதிலே இல்லை. நான்காம் நாள் ஞாயிற்றுக்கிழமை, உங்கள் ஸ்கூட்டர் எங்கள் வாசலில் நின்றது.

அப்பா நாற்காலி போட்டு, தண்ணீர் கொடுத்து, நீங்கள் பேசும்வரை காத்திருந்தார். பேக்கரியில் சொன்னதையெல்லாம் அவரிடம் முதலிலிருந்து சொன்னீர்கள். இன்னும் கூடுதலாகவே சொன்னீர்கள்.

"உங்க ஊட்ல இதெல்லாம் தெரியுங்களா?" என்று கேட்டார் அப்பா.

"அப்பா அம்மாவுக்கு மட்டுந்தானுங்க தெரியும். சொந்தக்காரங்க எல்லாரும் நான் படிச்சு முடிச்சுட்டேன்னுதான் நெனச்சுட்டு இருக்காங்க."

"அப்புறம் ஏனுங்க எங்ககிட்ட வந்து சொல்றீங்க?"

"அங்க எப்படி இருக்கும்னு அவ கேட்டாளுங்க. இதுவரைக்கும் ஆரும் எங்கிட்டக் கேட்டதில்ல." தண்ணீர்ச் சொம்பைக் கீழே வைத்துவிட்டுத் தொடர்ந்தீர்கள். "அவளை அனுப்பாதீங்கன்னு சொல்ல நான் வரலைங்க. அனுப்புங்க. ஆனா நல்லா இருக்கேன்னு அவ சொன்னா நம்பாதீங்க. இன்னிக்கு என்ன சாப்பிட்டேன்னு கேளுங்க. ஆருகூடப் பேசினேன்னு கேளுங்க."

"உங்ககிட்ட அப்படிக் கேட்டிருந்தா?"

"பொய் சொல்லியிருப்பேனுங்க. ஆனா ரெண்டு வாரத்துக்கு மேல சொல்ல முடிஞ்சிருக்காது."

அப்பா எழுந்து போய்ப் பேனாவை எடுத்துவந்தார். பிறகு, "அங்க குளிருக்கு என்னென்ன வாங்கோணுங்க?" என்று கேட்டார். அம்மா எழுந்து சமையலறைக்குள் போய்க் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். உங்கள் கைபேசி எண்ணை அப்பா சுவர்க் காலண்டரின் ஓரத்தில் எழுதிக்கொண்டார்.

நீங்கள் இருந்த அதே மாணவர் விடுதியில்தான் எனக்கும் அறை கிடைத்தது. நான் இங்கே வந்த முதல் நவம்பரில் எனக்கும் அது நேர்ந்தது. காரணம் என்று பெரிதாக ஒன்றுமில்லை. ஒரு திங்கட்கிழமை எழுந்திருக்க முடியவில்லை. செவ்வாயும் அப்படியே. நான்கு நாள் திரைச்சீலையைக்கூட விலக்கவில்லை. அப்பா தினமும் கூப்பிட்டார். என்ன சாப்பிட்ட, ஆருகூடப் பேசின. மூன்று நாள் சோறு, தயிர், தோழி என்று ஏதேதோ சொல்லிச் சமாளித்தேன். நான்காம் நாள் தோழி பெயர் என்ன என்று கேட்டார். அழுதுவிட்டேன்.

அப்பா உடனே போனை வைத்துவிட்டார். காலண்டரைப் பார்த்து உங்களைக் கூப்பிட்டிருக்கிறார். அரைமணி நேரத்தில் உங்கள் அழைப்பு வந்தது. இங்கே காலை, அங்கே மதியச் சாப்பாட்டு நேரம்.

"ஷூவ மாட்டு கண்ணு. போனை வெக்காத. இப்பக் கதவத் தொற."

திறந்தேன்.

"படி எறங்கி இடப்பக்கம் திரும்பு. ஒரு மஞ்சத் தபால்பெட்டி இருக்குமே, இருக்குதா?"

இருந்தது. அதைத் தாண்டிப் பூங்கா, ஆற்றுப் பாலம், பாலத்துக்கு அந்தப் பக்கம் ரொட்டிக்கடை. ஒவ்வொன்றையும் நீங்கள் அங்கிருந்து சொல்லச் சொல்ல நான் இங்கே நடந்தேன். கடையில் என்னை வரிசையில் நிற்கவைத்து, கடைக்காரம்மாவிடம் வாய்விட்டுக் கேட்டு வாங்க வைத்தீர்கள். நான் மென்று விழுங்கும்வரை லைனிலேயே இருந்தீர்கள்.

"நான் அந்தத் தெருவுல கடைசியா நடந்து அஞ்சு வருசம் ஆச்சு" என்றீர்கள் முடிவில். "இன்னிக்கு நடந்துட்டேன்."

அன்று மாலை நான் வகுப்புக்குப் போனேன். இரண்டு வருடத்தில் படிப்பை முடித்தேன். இங்கேயே ஒரு கான்கிரீட் ஆய்வகத்தில் வேலையும் கிடைத்தது. உங்களுக்கு உடம்பு முடியவில்லை என்பதை நீங்கள் கடைசிவரை என்னிடம் சொல்லவில்லை. நான் கேட்டபோதெல்லாம் நல்லா இருக்கேன் என்றீர்கள், நானும் நம்பிவிட்டேன். அதற்காக என்னை என்னாலேயே மன்னிக்க முடியவில்லை.

உங்களைக் கடைசியாகப் பார்க்க என்னால் வர முடியவில்லை. அப்பா போயிருந்தார். உங்கள் வீட்டில் கூடியிருந்த சொந்தக்காரர்கள், வெளிநாட்டுல போய்ப் பெரிய படிப்பெல்லாம் முடிச்ச புள்ள என்று சொல்லிச் சொல்லி அழுதார்களாம். ஒருவர் அப்பாவைப் பார்த்து நீங்க ஆருங்க என்று கேட்டிருக்கிறார். "எம்புள்ளைக்கு அந்தப் படிப்பப் படிக்கச் சொல்லிக் குடுத்தவங்க இவங்கதானுங்க" என்று அப்பா சொல்லியிருக்கிறார். உங்கள் அம்மா எழுந்து வந்து அப்பாவைக் கும்பிட்டார்களாம்.

இப்போது முன்னாள் மாணவர் பட்டியலில் என் பெயரும் இருக்கிறது. போன வாரம் பொள்ளாச்சியிலிருந்து ஒரு பெண் எழுதியிருந்தாள். அவள் கேட்டதற்கெல்லாம் பதில் எழுதிவிட்டு, அவள் கேட்காத அந்த நான்கு நாட்களைப் பற்றியும் எழுதினேன். இன்னும் பதில் வரவில்லை. கோபித்துக்கொண்டிருக்கலாம், பயந்திருக்கலாம். எழுதியது சரிதானா என்று நாளெல்லாம் அதையே திரும்பத் திரும்பப் படித்துப் பார்க்கிறேன்.

அன்று என் கடிதத்தைப் படித்த பிறகு நீங்கள் அந்த மூன்று நாளை எப்படிக் கழித்தீர்கள் அக்கா? உங்களிடம் நான் ஒருமுறைகூட அதைக் கேட்கவில்லை.