முதல் பக்கம் மட்டும் வந்த அறிக்கை

புதன், இரவு

இன்னைக்கு நடந்தது மனசை விட்டுப் போக மாட்டேங்குது.

பூச்சி மருந்தடிக்கிற ஏலக்காய்த் தோட்டத்துல வேலை பார்க்குற பெண்களுக்குக் கண்ணு கெட்டுப்போறதைப் பத்தி எங்க தொழிலாளர் சங்கத்து அறிக்கையை நான்தான் டைப் அடிச்சேன். அவங்க சொன்னதை ஆளுக்கொரு பக்கமா எழுதி, ஸ்கேன் பண்ணி, ஒரே பி.டி.எஃப் ஆக்கி, அறிக்கையோட கடைசியில சேர்த்தேன். திரையில அதோட முதல் பக்கம் மட்டும் தெரிஞ்சுச்சு. மிச்சமும் உள்ளே இருக்கும்னு நம்பிப் பிரிண்ட் எடுத்துட்டேன்.

காலையில மலைமேல குரங்கணியிலிருந்து அந்தப் பெண்கள் எல்லாரும் ஜீப்புல போடியில இருக்கிற அரசாங்க ஆபீசுக்கு வந்திருந்தாங்க. அதிகாரி அறிக்கையைப் புரட்டிட்டு, "ஒரு ஆளுதானம்மா புகார் சொல்லியிருக்கு?" என்றார். மத்த பக்கம் எதுவுமே அச்சாகலை. கம்ப்யூட்டர் ஃபைல்ல இருக்கு சார்னு சொன்னேன்.

"முழுசாக் கொண்டாங்க. அடுத்த வாரம் பார்ப்போம்" என்று எழுந்துட்டாரு.

வெளியே வந்ததும் பேச்சியக்கா கேட்டாங்க. அவங்களுக்கு இடது கண்ணுல பார்வையே இல்லை.

"நான் சொன்னதை எழுதலையா தாயி?"

"எழுதினேன்க்கா. கம்ப்யூட்டருதான் ஒரு பக்கத்தோட நிறுத்திருச்சு."

சொல்லும்போதே எனக்கே அது பொய் மாதிரி கேட்டுச்சு. அவங்க ஜீப்புல ஏறிட்டாங்க.

சாயங்காலம் பூரா ஒவ்வொரு பக்கத்தையும் தனித்தனிப் படமாக்கிச் சேர்த்தேன். ஒண்ணை வச்சா இன்னொண்ணு நகருது. எரிச்சல்ல அழுகையே வந்துருச்சு. ஒருவழியா எல்லாப் பக்கமும் அச்சுல வந்திருச்சு.

நாளைக்கு மேலே போய்ப் பேச்சியக்காகிட்ட அவங்க பக்கத்தை வாசிச்சுக் காட்டணும். அதுக்கப்புறம் இன்னொரு நாள் வேலையை விட்டுட்டு இறங்கி வாங்கன்னு கேக்க எனக்கு வாய் வருமான்னு தெரியலை.