காரணமின்றி ஐந்து

ஜூலை 14

இந்தக் கல்லூரி என்னைப் படிக்கச் சேர்க்கவில்லை. படம் பிடிக்கச் சேர்த்தது. முன்வாசல் பலகையில் நான்தான் நிற்கிறேன், சட்டையில் பதக்கத்தோடு. கீழே, ‘நாட்டைக் காத்தவர் இன்று எங்கள் மாணவர்.’ பன்னிரண்டு வருட ராணுவத்துக்குப் பிறகு, முப்பத்தொரு வயதில், முதலாமாண்டு வரலாறு. பையன்கள் ‘கமாண்டர்’ என்கிறார்கள். கழிப்பறையில் தண்ணீர் வரவில்லை என்று மூன்று முறை அலுவலகத்தில் சொல்லிவிட்டேன். பலகையைத் துடைக்க மட்டும் தினமும் ஆள் வருகிறது.

ஜூலை 22

இடது காது பீரங்கிச் சத்தத்தில் போனது. அதனால் முன் பெஞ்சில் இடது ஓரம் உட்காருகிறேன். வலப்பக்கம் ஒரு பெண், பத்தொன்பது வயது. எனக்குக் கேட்காமல் போகும் வார்த்தைகளை நோட்டின் ஓரத்தில் எழுதி என் பக்கம் தள்ளுகிறாள். நான் உதவி கேட்கவே இல்லை.

“நீங்க தப்பான இடத்துல தலையாட்டுறீங்கண்ணா. அவரு யாருக்குப் புரியலைன்னு கேக்குறாரு, நீங்க ஆமாம் ஆமாம்னு ஆட்டுறீங்க.”

சிரித்துவிட்டேன். இங்கு வந்து முதல் தடவை.

ஆகஸ்ட் 3

அவள் முதல் வகுப்புக்கு வருவதில்லை. மருத்துவமனைத் துணிகளை வெளுக்கும் சலவைக்கூடத்தில் காலை வேலை. வருகைத்தாள் கைமாறி வரும்போது யாராவது அவளுக்கும் சேர்த்துக் கையெழுத்துப் போடுகிறார்கள். எனக்குப் பிடிக்கவில்லை. ராணுவத்தில், இல்லாதவனை இருக்கிறான் என்று சொன்னால் அவன் வெளியே கிடந்து சாவான். யாரும் தேடிப் போக மாட்டார்கள்.

ஆகஸ்ட் 19

செய்துவிட்டேன்.

முதல் வகுப்பு. கல்லூரி முதல்வர் நாலு விருந்தினர்களோடு உள்ளே வந்தார். “எல்லாரும் வந்திருக்காங்களா?” ஆசிரியர் தாளைப் பார்த்து, “நாப்பத்திரண்டு பேரும் சார்” என்றார். நான் எழுந்து நின்றேன். என்னை யாரும் கேட்கவில்லை. முதுகு தானாக நிமிர்ந்தது.

“மொத்தம் நாற்பத்திரண்டு. இருப்பவர் முப்பத்தேழு. காரணமின்றி ஐந்து.”

ராணுவத்தில் எண்ணிக்கை சொல்லும்போது, விடுப்பு எழுதித் தராத எவனுக்கும் ‘காரணமின்றி’ என்ற சொல்தான். வாய்ப்பழக்கம். ஆனால் அவளுடைய காரணம் எனக்குத் தெரியுமே — தெரிந்துதானே சொன்னேன்?

விருந்தினர்கள் கைதட்டினார்கள். முதல்வர் பெயர் கூப்பிட்டுப் பார்த்து, என் சொல்லையே இல்லாத ஐந்து பெயர்களுக்கு நேராகச் சிவப்பு மையில் எழுதினார். பின்னாலிருந்து ஒருவன், “கமாண்டர், எதிரியைப் பிடிச்சாச்சா?” என்றான்.

ஆகஸ்ட் 20

வந்தாள். பெஞ்சு மாறவில்லை. நோட்டைத் தள்ளவில்லை.

செப்டம்பர் 6

ஐந்து பேரும் காரணத்துக்குக் கடிதம் கொடுத்தால்தான் தேர்வு எழுதலாம். நாலு பேர் டாக்டர் சீட்டு கொண்டுவந்துவிட்டார்கள். நாலு பேருக்கும் ஒரே நாள், ஒரே காய்ச்சல், ஒரே டாக்டர். ஏற்றுக்கொண்டார்கள். அவள் மட்டும் உண்மையைச் சொல்லிச் சலவைக்கூட முதலாளியிடம் கடிதம் கேட்டிருக்கிறாள். அவன் சொன்னானாம்: “கடுதாசி கொடுத்தா நீ இங்க வேலை செய்றன்னு ஆயிடும்மா.”

ஆறு மாதமாக அங்கே வேலை செய்கிறாள். காகிதத்தில் அவள் அங்கேயும் இல்லை, இங்கேயும் இல்லை.

மனைவியிடம் சொன்னேன். “உங்களை யாரு எண்ணச் சொன்னா? சாப்பிட உக்காந்தாக்கூட தலையை எண்ணுறீங்க. இருக்கறது நாம ரெண்டே பேரு.”

செப்டம்பர் 11

முதல்வர் அறை.

“நான் தப்பா எண்ணிட்டேன் சார்.”

“நீங்க தப்பா எண்ணுவீங்களா? ஒரு ராணுவ வீரர் சொன்னதை நான் அடிச்சா வெளியில என்ன பேசுவாங்க?”

“அந்தப் பொண்ணு வேலைக்குப் போகுது. எனக்குத் தெரியும்.”

“எழுத்துல இருக்கா?”

நாலு காய்ச்சலும் எழுத்தில் இருக்கின்றன. பொய்க்குக் காகிதம் கிடைக்கிறது, உழைத்துப் பிழைக்கிறவளுக்குக் கிடைக்கவில்லை. இதைச் சொன்னேன். குரல் உயர்ந்துவிட்டது. “உங்க அனுபவம் அப்படி, புரியுது. ஆவேசப்படாதீங்க, டீ சாப்பிடுங்க” என்றார். என் கோபத்தையும் வியாதி ஆக்கிவிட்டார். அந்த டீயைக் குடித்தேன். அதுதான் கேவலம்.

செப்டம்பர் 12

‘நான் பார்த்தேன், அவள் சலவைக்கூடத்தில் வேலை செய்கிறாள்’ என்று எழுதிக் கையெழுத்திட்டுக் கடிதம் கொடுத்தேன். குமாஸ்தா அப்படியே திருப்பித் தந்தார். “நீங்க அவளோட முதலாளியா?”

அக்டோபர் 9

தேர்வு. அவள் தேர்வு எண்ணுக்கு மேசைகூடப் போடவில்லை. எனக்குப் பின்னால் இருந்தவன் காய்ச்சல்காரர்களில் ஒருவன். நன்றாக எழுதினான். நானும் எழுதினேன். எழுந்து வெளியே போயிருக்க வேண்டாமா? போகவில்லை.

அக்டோபர் 21

மாலை நாலு மணிக்குச் சலவைக்கூடத்துக்குப் போனேன். அந்த நேரத்தில் இருக்க மாட்டாள், முதலாளியைப் பார்த்துப் பேசலாம் என்று நினைத்துத்தான் போனேன். இருந்தாள். ஆவியில் முகம் சிவந்திருந்தது.

“முழு நாளா மாத்திக்கிட்டேண்ணா. வீட்டுல சும்மா உக்காந்தா ஏசுவாங்க.”

“என்னை நாலு வார்த்தை திட்டிடு.”

“இன்னும் ரெண்டு வண்டி துணி இருக்குண்ணா.”

இன்னொரு பெண் மறுமுனையைப் பிடிக்க, ஒரு படுக்கை விரிப்பை உதறினார்கள், மடித்தார்கள், அடுத்ததை எடுத்தார்கள். வழியை மறித்துக்கொண்டு நான் நின்றேன்.

“அடுத்த வருஷம் திரும்பச் சேருவேன்னு சொல்லு. சேரலைன்னாலும் பரவாயில்லை. இப்ப என்கிட்ட சொல்லு.”

அவள் விரிப்பின் இரண்டு முனைகளையும் ஒன்றோடொன்று சேர்த்துப் பிடித்து, என்னைச் சுற்றிக்கொண்டு அடுக்குக்குப் போனாள்.