அலமாரியில் இருந்த மெழுகுவர்த்திகள்

தண்டையார்பேட்டை
9.7.2004

அன்புள்ள கார்குழலிக்கு,

அம்மா எழுதுவது. நீ உடம்புக்கு ஒன்றும் இல்லாமல், வேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருக்க வேண்டும். அப்பாவுக்குச் சர்க்கரை கொஞ்சம் இறங்கியிருக்கிறது, மணலி ஆலைகள் பக்கமிருந்து காற்று அடிக்கும் நாட்களில் மட்டும் இருமல். குழாயில் சொட்டுத் தண்ணீர் இல்லை, லாரித் தண்ணீர்தான். என்னைப் பற்றி நலம் என்று எழுதப் பேனா ஓடவில்லை. ஞாயிற்றுக்கிழமை போனில், ஏன்மா வெறும் உம் போடுகிறாய் என்று கேட்டாயே, உனக்குப் பின்னால் விடுதிப் பெண்கள் வரிசையில் நிற்பார்கள், அவர்கள் காதில் விழப் பேசுகிற விஷயமில்லை, அதனால்தான் எழுதுகிறேன்.

உன் வகுப்புத் தோழி பிலோமி, களப்பணி என்று போன வாரம் நம் தெரு மகளிர் குழுவில் பேச வந்தாள். மனநோயை மறைக்கக் கூடாது என்று நன்றாகத்தான் பேசினாள். பிறகு ஓர் உதாரணம் சொன்னாள். சரோஜா என்று ஓர் அம்மாவாம், மகன் மனநல மருத்துவமனையில் இருக்கிறானாம், அவன் பம்பாயில் வேலை செய்கிறான் என்று ஊருக்குச் சொல்லிவிட்டு, செவ்வாய்க்கிழமைதோறும் மெழுகுவர்த்தி வாங்கிக்கொண்டு அந்தோணியார் கோயிலுக்குப் போவதுபோலக் கிளம்பி அவனைப் பார்க்கப் போவாளாம், ஏற்றாத மெழுகுவர்த்திகளை வேறொரு வீட்டில் சேர்த்து வைப்பாளாம். டோல்கேட்டில் இட்லிக் கடை போடும் நம் எதிர்வீட்டுப் பூவம்மா இரண்டாவது வரிசையில் உட்கார்ந்திருந்தாள். அண்ணாச்சி கடையில் எல்லார் கண்ணிலும் படும்படி அவள் செவ்வாய்தோறும் மெழுகுவர்த்தி வாங்குவதைப் பார்க்காதவர்கள் அந்தக் கூட்டத்தில் யார்? பின்னாலிருந்து ஒருத்தி, இன்னா பூவம்மா, உன் அந்தோணியாரு கீழ்ப்பாக்கத்துலயா கீறாரு என்று கேட்டாள். எல்லாரும் சிரித்தார்கள். பூவம்மாவும் கூடச் சேர்ந்து சிரித்தாள், அந்தச் சிரிப்பைத்தான் என்னால் மறக்க முடியவில்லை.

கூட்டம் முடிந்து பிலோமி நம் வீட்டுக்கு வந்து அழுதாள். எதிர்வீட்டு அம்மா என்று நீ சொல்லவில்லையாம். வகுப்பில் ஒருவர் பேச, ஒருவர் கேட்க, ஒருவர் கவனிக்கும் பயிற்சியில் நீ இதைச் சொன்னாயாம், எங்கம்மா குறுக்கே பேசாமல் கேட்பாங்க என்று என்னைப் பற்றிப் பெருமையாகவும் சொன்னாயாம். பேர மாத்திட்டா போதும்னு நெனச்சோம் ஆன்ட்டி என்றாள். பெயர் எழுத மறந்த விடைத்தாள்கள் எத்தனையோ என் கைக்கு வந்திருக்கின்றன, எழுத்தின் கோணலைப் பார்த்ததுமே இது இன்னாருடையது என்று எடுத்துக் கொடுத்துவிடுவேன். பெயரா வேண்டும்? பூவம்மாவுக்கு அந்தக் கோணல் மெழுகுவர்த்தி. ஆலோசனைப் பணிக்கு அறிமுகம் என்று உனக்கு நடந்த முதல் வகுப்பிலேயே, ஒருவர் நம்மை நம்பிச் சொன்னது நம்மோடு நிற்க வேண்டும் என்று சொல்லிக்கொடுத்ததாக எழுதியிருந்தாய். அதை நான் அப்பாவுக்கு இரண்டு முறை படித்துக் காட்டினேன்.

பூவம்மா தன் மகன் பாரியைப் பற்றி முதன்முதலில் வாய் திறந்த நாள் உனக்கு நினைவிருக்கும். நான் உன்னை உள்ளே போகச் சொன்னேன். இருக்கட்டும் டீச்சர், அது இன்னா அசலா, என் கையால இட்லி துன்னு வளந்த பொண்ணு என்று உன்னை உட்கார வைத்தது அவள்தான். சாமி பேர்ல வாங்குனது, குப்பைல போட மனசு வர்ல, உங்க வூட்லயே கெடக்கட்டும் என்றாள். பரீட்சை சமயத்தில் கரண்ட் போனபோதுகூட அதில் ஒன்றை எடுக்க நான் உன்னை விடவில்லை. அவள் இத்தனையும் மறைத்தது தன் மகள் மதியின் கல்யாணத்துக்காக. இந்த ஆனியிலேயே பூ வைக்க வருவதாக இருந்த புளியந்தோப்புக்காரர்கள், ஆடி கழியட்டும் பார்க்கலாம் என்று இப்போது சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

இந்தச் செவ்வாய் பூவம்மா வந்தாள். எப்போதும் தரையில் காலை நீட்டி உட்காருகிறவள் நின்றுகொண்டே இருந்தாள். அலமாரியிலிருந்த மெழுகுவர்த்திகளை எல்லாம் ஒரு பையில் போட்டுக்கொண்டாள். அதான் அல்லாருக்கும் தெரிஞ்சி போச்சே, இன்னும் ஒளிச்சி வச்சி இன்னா டீச்சர் பண்றது என்றாள். இது யார் வாயிலிருந்து போனது என்று அவள் கேட்கவில்லை, நானே சொல்ல வாயெடுத்தேன். வேணாம் டீச்சர், கொயந்த அது என்று சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போய்விட்டாள். அவளுக்குத் தெரியும் கார்குழலி. தெரிந்தும் உன்னை அவள் யாரிடமும் காட்டிக்கொடுக்கவில்லை, பெற்றவளான என்னிடம்கூட.

எனக்குக் கோபமில்லை என்று எழுத மாட்டேன், அது பொய். இனி யாராவது மனம்விட்டுப் பேச வந்தால் உன்னை வெளியே அனுப்பிவிட்டுத்தான் கேட்பேன், என் மகளைப் பற்றி இப்படி எழுதவேண்டி வரும் என்று நான் நினைத்ததே இல்லை. படிப்பை விட்டுவிடாதே, நன்றாகப் படி. லீவுக்கு வரும்போது டோல்கேட்டில் இறங்கி நேராகப் பூவம்மாவின் கடைக்குப் போ, பையை அங்கேயே வைத்துவிட்டு, நான்தான் சொன்னேன் என்று உன் வாயால் சொல். வகுப்பில் பேசுகிற மாதிரி பேசாதே. திட்டினால் வாங்கிக்கொள். ஒன்றும் சொல்லாமல் இட்லி வைத்தால், சாப்பிட்டுவிட்டு எச்சில் தட்டுகளைக் கழுவிக் கொடு. அதன் பிறகு நம் வீட்டுக்கு வா.

அப்பாவின் ஆசியும் என் ஆசியும் எப்போதும் உனக்கு உண்டு. இரவில் கண் விழித்துப் படிக்காதே, தலைக்கு எண்ணெய் வை. அலமாரியில் மெழுகுவர்த்திகள் இருந்த தட்டைக் காலியாகவே வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
உன் அம்மா
ஜெயக்கொடி