சேலைப் படங்கள் மேல் போட்ட பழி

ஐப்பசி 14, வியாழன்

போன மாதம் போலவே இந்த மாதமும் பாதியிலேயே டேட்டா தீர்ந்து, ஜவுளிக்கடையின் வலைத்தளம் நின்றுபோனது. முதலாளி அண்ணாச்சி, தளத்தைப் பார்த்துக்கொள்ளும் என்னிடம் காரணம் கேட்டார். சர்வர் பதிவுகளைப் பார்க்காமலேயே, கூட வேலை பார்க்கும் செல்வி ஏற்றும் சேலைப் படங்கள்தான் என்று சொல்லிவிட்டேன். அவள் மூன்று நாளாகக் குனிந்த தலை நிமிராமல் ஒவ்வொரு படமாகச் சுருக்கினாள்.

இன்று மத்தியானம்தான் பதிவுகளைத் திறந்தேன். சேலைப் படங்கள் எல்லாம் சேர்ந்தும் கொஞ்சம்தான். மிச்சம் முழுவதையும் தின்றது என் மகளின் காதுகுத்து வீடியோ. சொந்தக்காரர்கள் பார்க்கட்டும் என்று ஆவணியில் நான்தான் அதைக் கடை சர்வரில் போட்டு லிங்க் அனுப்பினேன். கரிவலம்வந்தநல்லூரிலிருந்து துபாய் வரை, அவரவர் முகம் வரும் இடத்தைத் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்திருக்கிறார்கள்.

யாரும் கவனிக்காதபோது அதை சர்வரிலிருந்து அழித்தேன்.

புதிதாகக் காசு கட்டி வாங்கிய டேட்டா குறையாமல், சாயங்காலம் தளம் சீராக ஓடியது. "படத்தச் சுருக்குனதும் சரியாப்போச்சு பாத்தியா? இனிமேலாவது பாத்துப் போடுட்டி" என்று அண்ணாச்சி செல்வியிடம் சொன்னார். அவள் தலையாட்டினாள். நான் கணினித் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கிளம்பும்போது என் மேசைக்கு வந்தாள். "அண்ணே, பாப்பா காதுகுத்து வீடியோ தொறக்க மாட்டேங்கு. எங்கம்மா குலவை போட்டது அதுலதான இருக்கு, தெனமும் பாக்கும். என்னன்னு பாருங்களேன்."

பார்க்கிறேன் என்றேன்.

என் ஃபோனில் அந்த வீடியோ இருக்கிறது. அவளுக்கு அனுப்பத்தான் ஃபோனைக் கையில் எடுத்தேன். கூட என்ன எழுதுவதென்று தெரியாமல் அப்படியே வைத்திருக்கிறேன்.